கெட்ட பாதியை யார் சொல்வது

நான் வேலையை விட்ட பிறகு என் வகுப்பை எடுத்து நடத்தும் கவிதா போன வாரம் போன் செய்தாள். "டீச்சர், 'இஃப்' பாடத்துக்கு நீங்க எந்த எடுத்துக்காட்டெல்லாம் போடுவீங்க? போன்ல இருக்க ஏஐட்ட கேட்டா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஒரு பக்கம் வாக்கியம் கொடுக்குது. ஒண்ணுகூட வகுப்புல ஒட்ட மாட்டேங்குது" என்றாள்.

அவள் அனுப்பியதைப் படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. 'எனக்கு லாட்டரி விழுந்தால் ஒரு தீவு வாங்குவேன்' என்று ஒரு வாக்கியம். மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் ஜவுளிக் கடையிலும் பகலெல்லாம் நின்றுவிட்டு, மாலையில் ராஜபாளையத்தில் எங்கள் ஆங்கிலப் பயிற்சி மையத்து மாடிப்படி ஏறி வரும் பெண்களில் தீவு வாங்குகிற எண்ணத்தில் யாரும் இருந்து நான் பார்த்ததில்லை. கவிதாவுக்குச் சுருக்கமாகச் சொல்ல முயன்றேன், முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கியதும் அது செல்வியைப் பற்றியதாகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் எனக்குச் சொந்த ஊர். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளத்தான் மையத்துக்குப் போனேன். அவர் திரும்பி வரவில்லை. நான் இருபது வருஷத்துக்கும் மேல் இருந்தேன். போன வருஷம் குரல் நாண் வீங்கி, இனிமேல் வகுப்பில் சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், ஐம்பத்து மூன்று வயதில் நிறுத்தினேன்.

மையத்தை நடத்தியவர் ரங்கம்மா மேடம். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு; எங்களிடம் தமிழ்; வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் ஆங்கிலம் மட்டும். குரலை உயர்த்த மாட்டார். புதுச் சாக்கட்டியைக் கையில் எடுத்ததும் இரண்டாக ஒடிப்பார். முழுசாக இருந்தால் கீச்சிடும் என்பார். மறுநாள் போர்டில் எழுதப்போகும் வாக்கியங்களை முந்தின நாளே எழுதி அவரிடம் காட்ட வேண்டும். பிடிக்காத வாக்கியத்தை அடிக்க மாட்டார். அதன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். ஏன் புள்ளி என்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாமல் போய்க் கேட்டால் ஒரே கேள்விதான் வரும்: "இத இந்த ஊர்ல யாரு சொல்லுவா? யார்ட்டச் சொல்லுவா?"

அவருடைய இன்னொரு விதி, முழு வாக்கியம். கேள்விக்கு எழுந்து நின்று முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் திட்ட மாட்டார். உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நிற்பார், மீதியை அதில் வைக்கச் சொல்வது போல. மீதி வரும்வரை அந்தக் கை இறங்காது. ஒரு தடவை வங்கித் தேர்வுக்குப் படித்த ஒரு பெண்ணுக்காக, பக்கத்து அறை வகுப்பு முடிந்து எல்லோரும் படி இறங்கும்வரை அப்படியே நின்றார். நானே சாட்சி.

'இஃப்' பாடம் எங்களிடம் மூன்று வாரம் நடக்கும். கவிதாவுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். நடக்கக்கூடியது முதல் வகை. 'காலேஜ் பஸ்ஸெல்லாம் நமக்கு முன்னால் வந்துவிட்டால், ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருக்கும்.' கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போய்வரும் பிள்ளைகளின் பஸ் வரிசையில் மாட்டாதவர் யாரும் வகுப்பில் இல்லை. அதனால் இந்த வாக்கியம் உடனே ஒட்டும். இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசுவது இரண்டாவது. 'எனக்கு ஒரு ஸ்கூட்டி இருந்தால், இந்தக் கூட்டத்தில் நிற்க மாட்டேன்.' நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பது மூன்றாவது. 'நேற்றே மாவு அரைத்திருந்தால், இன்றைக்குத் தோசை சுட்டிருப்பேன்.'

முதல் வகைக்கும் இரண்டாவதற்கும் தமிழில் ஒரே 'ஆல்' போதும். ஆங்கிலத்தில் இரண்டாவதற்கு வினையை இறந்த காலத்துக்குத் தள்ள வேண்டும். நம் பெண்கள் தடுமாறுவது அங்கேதான். இன்னொன்று, வாக்கியத்தின் இரண்டு பாதியிலும் 'வில்' போடுவது. நிபந்தனை சொல்லும் பாதியில் 'வில்' வராது என்று எவ்வளவு சொன்னாலும் வாய் கேட்காது. அதற்காக நாங்கள் வைத்திருந்த பயிற்சிக்குப் 'பாதி' என்று பெயர். ஒருத்தி எழுந்து 'இஃப்' பாதியைச் சொல்லி இன்னொருத்தியைக் கை காட்டுவாள். அவள் அதே பாதியைத் திருப்பிச் சொல்லி, மீதியைச் சேர்த்து முடிக்க வேண்டும். சிரிப்பும் கிண்டலுமாக நடக்கும் பயிற்சி அது. வாரக் கடைசியில் அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

செல்வி வந்தது என் கடைசி வருஷங்களில். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு வ. புதுப்பட்டி. புருஷன் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமான நாள் முதல் அவர் எல்லைப் பக்கம், இவள் ஊரில். மகளுக்கு ஐந்து வயது. அப்பாவை லீவில் வரும் மனிதராக மட்டும் அறிந்த பிள்ளை. அந்த வருஷம் அவருக்கு வடக்கே ராணுவக் குடியிருப்பு உள்ள ஒரு கன்டோன்மென்ட் ஊருக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸும் கிடைக்கும். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை காலியாக இருந்தது. செல்விக்கு இந்தி தெரியாது. வீடியோவில் நடக்கும் நேர்காணல் முழுக்க ஆங்கிலத்தில். வேலை கிடைத்தால் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இவள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போக முடியாது. வீட்டுக் கடனுக்கு இரண்டு சம்பளமும் வேண்டியிருந்தது. முதல் நாளே இதையெல்லாம் சொல்லிவிட்டு, "என்ன செஞ்சாலும் பேச வச்சிருங்க டீச்சர்" என்றாள்.

பேச வைப்பதில் சிரமமே இருக்கவில்லை. நல்ல காது அவளுக்கு. ஒரு தடவை திருத்தியதை மறுபடி திருத்த வேண்டியதில்லை. 'இஃப்' பாடத்தில் மட்டும் ஏதோ தட்டியது. மழை, பஸ், ஸ்கூட்டி எல்லாம் சரளமாக வரும். 'நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால்' என்று கேட்டால் வாய் திறக்காது. நேர்காணலில் வரப்போவதோ அந்த மாதிரிக் கேள்விகள்தான். பாடம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போர்டில் கட்டம் போட்டேன், இரண்டு நிறத்தில் எழுதினேன், தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டுவாள். மறுநாளும் அதே இடத்தில் நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை 'பாதி' நடந்தபோது ஜோதியின் முறை வந்தது. ஜோதி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரி, ஜவுளிக் கடையில் வேலை, வகுப்பைச் சிரிக்கவைப்பது தன் பொறுப்பு என்று நினைப்பவள். எழுந்து, 'உன் புருஷன் பொங்கலுக்கு வராவிட்டால்' என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லிச் செல்வியைக் கை காட்டினாள்.

செல்வி எழுந்தாள். சொல்லவில்லை.

"ஏட்டி, சும்மா சொல்லு. வாயில முத்தா வச்சிருக்க, உதிர்ந்துரும்னு?" என்றாள் ஜோதி.

"வேற பாதி கொடு."

"எதுக்கு? இதுல என்ன தப்பு கண்டுட்ட? டீச்சர், தப்பா சொன்னேனா?"

இலக்கணத்தில் தப்பு இல்லை என்று நான் சொன்னேன். மேடம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம் போல அவர் கை விரிந்து நீண்டது. செல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் படி இறங்கிப் போய்விட்டாள். ஜோதிக்கு முகம் செத்துவிட்டது. "நெசமாவே விளையாட்டுக்குத்தான் டீச்சர் சொன்னேன்" என்று பலமுறை சொன்னாள்.

அடுத்த வாரம் முழுதும் செல்வி வரவில்லை. நேர்காணலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடம் ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வ. புதுப்பட்டிக்கு பஸ் ஏறினார். மாணவி வீட்டுக்கு அவர் போனதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வீட்டில் செல்வியும் அவள் மாமியார் பேச்சியம்மாளும் இருந்தார்கள். சுவரில் ராணுவ உடையில் இரண்டு படங்கள். ஒன்று மாமனார், மாலை போட்டிருந்தது. வயதாகி ஊரில் இறந்தவர். இன்னொன்று மகன். "அவிய அப்பாவும் பட்டாளம், இவிய அப்பாவும் பட்டாளம்" என்றார் பேச்சியம்மாள், இரண்டு படங்களையும் காட்டி. "எங்க வீட்ல போனவுக யாரும் சர்வீஸ பாதியில போட்டுட்டு வந்ததில்ல." தேங்காய் சீவித் தட்டில் கொடுத்தார், கூடவே வெல்லம். செல்வி எங்கள் எதிரில் உட்காராமல் நிலைப்படியில் நின்றாள்.

பேச்சுத் தொடங்குமுன் மகனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பேத்தி பேசினாள், மாமியார் பேசினார், செல்வி பேசினாள். திரையிலிருந்து அவர் எங்களுக்கும் வணக்கம் சொன்னார். பேச்செல்லாம் முடிந்த பிறகும் யாரும் போனை அணைக்கவில்லை. "பொறவு பேசுவோம்" என்று செல்வி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள். அந்தப் பக்கம் அவரும் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் அப்படியே ஓடி, சிக்னல் போய்த் தானாக அணைந்தது.

"கட் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நாம எதுக்குக் கட் பண்ணணும்? அதுவாப் போச்சுன்னா போவட்டும்" என்றார் பேச்சியம்மாள். "வைக்கேன்னுகூட சொல்லக்கூடாது எங்க வீட்ல."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டிலும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வாரேன்' என்போம். ஆனால் அது எங்களுக்கு வெறும் பழக்கம். ஒவ்வொரு நாளும் தூரத்தில் ஓர் உயிரை வைத்துக்கொண்டு வாழும் வீட்டில் அதன் கனம் வேறு.

செல்வி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள். "வார்டுல என்ன நடந்தாலும் என் கை நடுங்காது மேடம். நடந்தாச் செய்வேன். நடக்குமுன்ன, அது நடந்தா இது நடந்தான்னு அத எதுக்கு வாயால கூப்பிடணும்? அவிய அங்க இருக்கும்போது எனக்கு அது வர மாட்டேங்குது. கெட்டது யாருக்குன்னு வாய்க்குத் தெரியுமா?"

"இன்டர்வியூல அதத்தானம்மா கேப்பாங்க" என்றார் மேடம் மெதுவாக. "பதில் முழுசா இருக்கணும்."

பேச்சியம்மாள் குறுக்கே வந்தார். "செத்த இருங்க டீச்சர். எனக்கு வெவரம் தெரியாது, அதனால கேக்கேன். அந்தக் கெட்டதச் சொல்லப்போறது யாரு?"

"கேக்கிறவங்க."

"அவன் வாயால அது வந்துட்டு. அது அவன் பாடு. இவ எதுக்கு அத திருப்பிச் சொல்லணும்? என்ன செய்யணுமோ அத மட்டும் சொன்னா ஆவாதா?"

மேடம் தேநீரைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார்.

"படிக்கும்போது கெட்டது சொல்ல ஆள் வேணும்னா நான் வந்து சொல்லுதேன்" என்றார் பேச்சியம்மாள். "எனக்கு என்ன, வயசாயிட்டு. நீங்க இங்கிலீசுல எழுதிக்கொடுங்க, பாத்துப் படிக்கேன்."

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமாக்கும் அத்தே?" என்றாள் செல்வி. அந்த வாரத்தில் அவள் முதல் தடவையாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். முழு வாக்கியம் என்பது அவர் ஆயுள் முழுக்கக் காப்பாற்றிய விதி. பாதிப் பதில் அரைகுறைப் படிப்பின் அடையாளம் என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து நான் இறங்க எழுந்தபோது சொன்னார்: "சரஸ்வதி, நாளைக்கு அவ வந்தா பாதியே போதும்."

"வகுப்புல மத்தவங்க கேப்பாங்களே மேடம்?"

"கேட்டா என்ட்ட அனுப்பு."

மறுநாள் செல்வி வந்தாள். ஜோதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து சீடையை எடுத்து அவள் மடியில் கொட்டினாள். "சண்ட போட்டுட்டு போறவ சொல்லிட்டுப் போகணும்ட்டீ. நான் ஒரு வாரமா யாரத் திட்டுதது?" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அன்றைக்குக் கேள்வி கேட்டவர் மேடம். கெட்ட பாதிகளையெல்லாம் அவரே சொன்னார். நோயாளி விழுந்தால், மின்சாரம் நின்றால், உறவினர் கத்தினால். ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டுக் கையை நீட்டாமல், இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். செல்விக்கு முதல் பதில் வரச் சற்று நேரமானது. பிறகு கொட்டியது. "I would not lift him at once" என்று தொடங்கினாள். உடனே தூக்க மாட்டேன், மூச்சைப் பார்ப்பேன், தலையையும் கழுத்தையும் பார்ப்பேன், மணியடித்து ஆளைக் கூப்பிடுவேன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். 'வுட்' ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் பாடம் புரியாதவள் என்று நான் நினைத்துக் கட்டம் போட்டதெல்லாம் போர்டின் ஓரத்தில் அப்படியே இருந்தது. எழுந்து போய் அழித்தேன்.

நேர்காணல் எங்கள் மையத்திலேயே நடந்தது. வீட்டில் சிக்னலை நம்ப முடியாது என்று மேடம் தன் லேப்டாப்பைக் கொடுத்தார். நானும் அவரும் திரைக்குப் பின்னால், எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் ஒரு டாக்டரும் ஓர் அம்மாளும். டாக்டர் நாங்கள் எதிர்பார்த்த கேள்விகளைத்தான் கேட்டார். உறவினர் ஒருவர் உங்களைப் பார்த்துக் கத்தினால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, 'அவரை முடிக்க விடுவேன், பிறகு உட்கார நாற்காலி கொடுப்பேன்' என்றாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டது போலத் தெரிந்தது.

கடைசியில் ஒன்று கேட்டார், நாங்கள் தயார் செய்யாதது. "உங்கள் கணவருக்கு மறுபடியும் எல்லைக்கு மாற்றல் வந்தால், இந்த வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?"

மேடத்தின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இதற்கு இரண்டாவது பாதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், அந்த மாற்றலை அவள் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி மெதுவாக, "Sir, first we will live together" என்றாள். முதலில் நாங்கள் சேர்ந்து இருந்து பார்க்கிறோம் சார்.

டாக்டர் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் அதுவரை பேசாதவர். அவர் டாக்டர் பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு, செல்வியிடம் ஆங்கிலத்தில், "என் கணவரும் ராணுவம்தான். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்" என்றார்.

ஆர்டர் வந்து கையில் வாங்கும்வரை செல்வி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வந்த அன்று மாலை வகுப்புக்கு வந்து மேடத்தின் மேஜையில் அதை வைத்துவிட்டு நின்றாள். மேடம் இரண்டு தடவை படித்தார். தெலுங்கில் "மஞ்சிதி" என்றார். நல்லது என்று அர்த்தம். வகுப்பு நேரத்தில் அவர் ஆங்கிலம் தவிர வேறு பேசியது அன்றுதான்.

அவர்கள் கிளம்பிய நாள் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு மேடமும் நானும் போயிருந்தோம். சென்னைவரை கொண்டுவிடச் செல்வியின் அண்ணன் கூடப் போனார். அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பத்தாவிடம் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் கூடப் போகவில்லை, வழியனுப்ப மட்டும் வந்திருந்தார். தென்னையைப் பார்க்க ஆள் வேண்டும், லீவுக்கு நீங்கள்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

செல்வி படியில் நின்றபடி எங்களைக் கூப்பிட்டாள். "மேடம், இந்த வேலை கெடைக்கலைன்னா என்ன செஞ்சிருப்பேன்னு இப்பச் சொல்லட்டுமா? இப்பச் சொல்லலாம். அது இனி நடக்காதுல்ல."

மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறினாள். ஒரு பாதியையும் விடாமல் முழு வாக்கியமாகச் சொன்னாள். எனக்கு இந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால், ராணுவத்தை விட்டு வந்துவிடும்படி அவரிடம் சொல்லியிருப்பேன்.

மேடம் கையை உயர்த்தி அவள் கன்னத்தைத் தொட்டார். ரயில் நகர்ந்தது. ஜன்னலில் பிள்ளையின் கை தெரிந்தவரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிளாட்பாரம் காலியான பிறகு பேச்சியம்மாள் கேட்டார். "என்னத்தச் சொன்னா டீச்சர்?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம், "ஊர் போய்ச் சேந்ததும் பேசுதேன்னு சொன்னா" என்றார்.

"அதுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்றார் பேச்சியம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜாப்புன்னு சொன்னா, ஆர்மின்னு சொன்னா. அவ மூஞ்சியையும் பாத்தேன். எனக்குத் தெரியாமப் போவுமா?" ஸ்டேஷன் வாசல் படியில் இறங்க மேடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு படி இறங்கியதும் நின்றார்.

"கெடைக்காமப் போயிருந்தா, அவ கேக்குமுன்ன நானே எம்மவன வந்துருய்யான்னு சொல்லியிருப்பேன்."